ரெண்டும் சமம்

“பாத்தியாலே! மிஷினே சொல்லிட்டு. தண்ணிதான் குறை. நான் சொன்னதுதான் சரி!”

காதில் கடுக்கன் மின்ன, விவசாய ஆபீசே அதிரும்படி சிரித்தார் ராமசுப்பு. தம்பி வெயிலுமுத்து தலையைத் தொங்கப் போட்டபடி வெளியேறினான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆபீசர் எஸ்தர்ராணிக்கு எரிச்சலாக வந்தது. கூடப்பிறந்தவனை நாலு பேர் முன்னால் இப்படியா?

நாகலாபுரத்தில் அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரு கரிசல் புஞ்சை. இந்தக் கோடைக்கு ஒரு வேலைதான் கட்டுப்படியாகும். குட்டையை ஆழப்படுத்தணும் என்றார் அண்ணன். ஆட்டுக்கிடை போட்டு உரமேத்தணும் என்றான் தம்பி. பேச்சு முற்றி, பாகம் பிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில், ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரைக் கேட்க வந்தார்கள்.

புரோகிராம் எஸ்தர்ராணி எழுதியது. தண்ணீர், உரம் ரெண்டில் எது குறைச்சலோ, விளைச்சல் அதோடு நின்றுவிடும். எதைக் கூட்டினால் விளைச்சல் ஏறும் என்பதையும் மிஷினே கணக்குப் போட்டுவிடும்.

மனசு கேட்காமல் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். இந்தமுறை உரத்தை முதலில் கொடுத்தாள், தண்ணீரைப் பிறகு.

‘உரம்தான் குறை’ என்றது மிஷின்!

அவளுக்குப் புல்லரித்தது. அந்தப் புஞ்சையில் ரெண்டும் இம்மி பிசகாமல் சமம். சமமாக இருந்தால், முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொள்கிறது மிஷின். நிஜத்தில் ஒன்றை மட்டும் கூட்டினால் ஒரு காய்கூட அதிகம் காய்க்காது. ரெண்டும் சேர்ந்து ஏறினால்தான் உண்டு. ரெண்டும் சமமாகிற அந்த ஒரு புள்ளியில் மட்டும் ‘எது குறை’ என்ற கேள்வியே செல்லாது!

இதை அண்ணன் தம்பியிடம் நேரில் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் பஸ் பிடித்து நாகலாபுரம் போனாள். குட்டைக்குள் வெயிலுமுத்து தனியாளாக மண் வெட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணன் எங்க?”

“தெரியல மேடம். அவிய சொன்னது ஜெயிச்சிட்டுல்லா, அதான் வெட்டுதேன்.”

ஜெயித்தவர் ஹாயாக எங்கே போனாரோ! கோபத்தோடு புஞ்சைக்குள் நடந்தாள்.

மறுகோடியில் மண்டிக் கிடந்தது ஆட்டு மந்தை. கிடைக்காரனோடு சேர்ந்து ராமசுப்பு பட்டி கட்டிக்கொண்டிருந்தார். நேற்றுக் காதில் மின்னிய கடுக்கனைக் காணோம்.

“என்ன அண்ணாச்சி, கிடை போடுதீங்க? மிஷின் தண்ணின்னுலா சொல்லிச்சு?”

“சொல்லிச்சு தாயி. நேத்து வீட்டுக்கு வந்து அவன் சோறு திங்கல.”

ஒரு ஆட்டைத் தள்ளி உள்ளே விட்டார்.

“மிஷின் அவனைத் தோக்கடிச்சிட்டு. அதுகூடச் சேந்து நானும் தோக்கடிக்கணுமாக்கும்?”