மாஸ்டரின் வலது கை

மூன்று மாடி ஏறி வந்த தையல்காரம்மா, தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சி சொல்லித்தரும் மாஸ்டரின் கட்டிலருகே நிற்கிறாள். பக்கவாதத்தில் விழுந்த அவருடைய இடது கைமேல் ஜன்னல் வெயில் கிடக்கிறது. நன்றி சொல்ல வந்தவள், அவருக்குக் கேட்குமா என்று பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்க்கிறாள். “சொல்லும்மா, காது நல்லாக் கேக்கும்,” என்கிறாள் அவர் மனைவி. “மூணு மாடி, மாஸ்டர். கைப்பிடியத் தொடவே இல்ல. என் முட்டிக்கு உயிர் குடுத்ததே நீங்கதான்.” சொன்ன கையோடு, அசையாத அந்த இடது கையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். போர்வைமேல் அவருடைய வலது கை, பயிற்சியின் முதல் அசைவாக, மெல்ல எழும்புகிறது. இரண்டு கையும் சேர்ந்தே எழ வேண்டும், முந்திய கை மற்றதற்காக நிற்க வேண்டும் என்று வகுப்பில் ஓயாமல் சொல்வார். மார்பளவில் அந்தக் கை நின்றுவிடுகிறது. “வலிக்கப்போகுது, கீழ விடுங்க,” என்கிறாள் மனைவி. அவர் விடவில்லை. இடது கைக்காகக் காத்திருக்கிறார்.