நாலாம் வீட்டுக் கோப்பை

அந்த ராணுவக் குடியிருப்பில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வீட்டு எண்தான் பெயர். கேக் போட்டியில் நாலாம் வீடு இந்த வருடமும் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனதும் மூன்றாம் வீட்டுக்கு வயிறு பற்றி எரிந்தது.

“கேக்கா அது? செங்கல்!” என்று மூன்றாம் வீடு பொருமியது. “துணையை எல்லைக்கு அனுப்பிட்டு இங்க தனியா கிடந்து பிள்ளைங்களோட மல்லுக்கட்டுறது நாலாம் வீடு மட்டும்தானா?”

பொறுக்க முடியாமல் நேரே நடுவரம்மாவிடம் போய் நின்றது.

“என் கேக்கை நீங்க தொட்டுக்கூடப் பாக்கலையே, ஏன்?”

நடுவரம்மா தலைக்கு மேலிருந்த பேனரைக் காட்டினார். ‘சர்வீஸ்மேன்களின் மனைவியருக்கு மட்டும்.’

“நான் என்ன செய்யட்டும், சார்?”

மூன்றாம் வீடு மீசையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டது.

“என் பொண்டாட்டி சர்வீஸ்வுமன்மா. அவளும் அதே எல்லையிலதான் துப்பாக்கியோட நிக்கிறா. அதையும் சேத்து எழுதுங்க.”

 நடுவரம்மா பேனாவை எடுத்து, பேனரின் அடியில் எழுதினார்: ‘சர்வீஸ்வுமன்களின் கணவர்களும்.’

யாருக்கும் தெரியாமல் மூன்றாம் வீட்டுக் கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, அதன் ருசியில் சொக்கிப்போயிருந்த நாலாம் வீடு, கோப்பையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டது.