சுகந்தினியின் கைராசி

பேனையின் மூடியைக் கழற்றிவிட்டாள் யோகம்மா. குறியைத்தான் இன்னும் போடவில்லை.

மடியில் கிடந்தது கனடாவிலிருந்து மகன் பகீரதன் அனுப்பிய தாள். ஏதோ விளம்பரப் புத்தகத்திலிருந்து கிழித்தது. அதில் இரண்டு ஹெட்செட்டுகளின் படம் இருந்தது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் காதில் மாட்டிக்கொள்வது.

எதிரே கதிரையில் அரியநாயகம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கரம்பொன் ஊரில் பக்கத்து வளவுக்காரர். கப்பலில் வேலை பார்த்து உலகம் சுற்றியவர். சண்டையால் தபால் நின்றுபோன அந்தத் தொண்ணூறாம் ஆண்டில் கொழும்புக்குப் போய்வரத் துணிந்த சிலரில் அவரும் ஒருவர். கடிதத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான், பதிலுக்குக் காத்திருப்பவரும் அவர்தான். நாளைக்கு மறுபடி வெளிக்கிடுகிறார்.

பகீரதன் கேட்டிருந்தது இவ்வளவுதான். இரண்டில் ஒன்றுக்குத் தங்கச்சி சுகந்தினி குறி போட்டு அனுப்ப வேண்டும். அவளுடைய கைராசி இல்லாமல் விமானத்தில் கால் வைக்க மாட்டான். குறி வராவிட்டால் பறக்கப் பழகுவதையே விட்டுவிடுவான்.

சொன்னால் செய்கிறவன். சின்ன வயதிலிருந்தே அப்படி. மாடு வாங்கினாலும், சோதனை எழுதப் போனாலும், ஏன், ஒரு செருப்பு வாங்கினாலும் சுகந்தினி முதலில் தொட்டுக் கொடுக்க வேண்டும். கனடாவுக்குப் போன அன்றும் அவள் தொட்டுத் தந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினான். தகப்பன் இல்லாத பிள்ளை, ஆடிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும் என்று யோகம்மாவும் விட்டுவிட்டாள். தங்கச்சி தொட்டால் தவிடும் அவனுக்குத் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இன்றைக்குக் குறி போடாமல் விட்டால் பிள்ளை தரையிலேயே நிற்பான்.

அந்த ஆசை அவளுக்கு இருந்தது. விமானச் சத்தம் கேட்டாலே சனம் பதுங்க ஓடுகிற காலம். கிணற்றடியில் வெட்டிய பங்கருக்கு மண்மூட்டை அடுக்கிக்கூட முடியவில்லை. பெற்ற பிள்ளை அந்தச் சனியனில் ஏறி உட்காருவதா?

சுகந்தினியைக் கூப்பிட்டுப் பேனையைக் கொடுப்பதுதான் முறை. யோகம்மா கூப்பிடவில்லை. அரியநாயகமும் அவள் எங்கே என்று கேட்கவில்லை.

“ரண்டுக்கும் என்ன வித்தியாசம் அண்ணை?”

அரியநாயகம் தாளை வாங்கிப் படத்துக்குக் கீழே இருந்த ஆங்கிலத்தை வாசித்தார்.

“இந்தப் பாரமானது காதை நல்லா அடைச்சுப் பிடிக்கும். வெளிச் சத்தம் ஒண்டும் வராது. இதுதான் திறமெண்டு போட்டிருக்கு. மற்றது லேசு, சத்தத்தைக் கொஞ்சம் உள்ளுக்கு விடும்.”

யோகம்மா நிமிர்ந்தாள்.

“அப்ப ஓட்டிறவனுக்கு, கீழை நிண்டு கத்திறது கேளாதோ?”

கோப்பையைக் கீழே வைத்தார் அரியநாயகம். பொய் சொல்லலாமா என்று ஒருகணம் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார்.

இவ்வளவு நாளும் அவள் நினைத்திருந்தது வேறு. அன்றைக்கு அந்தக் குண்டு விமானம் பனை உயரத்துக்குப் பதிந்து வந்தபோது, முற்றத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கித் தொண்டை கிழியக் கத்தினவள் அவள். அவ்வளவு கிட்ட வந்தவனுக்குக் கேளாமல் இருக்குமா? கேட்டும் குண்டைப் போட்டுவிட்டுப் போனான் என்றுதான் அன்று மண்ணை அள்ளி வானத்தைப் பார்த்துத் தூற்றினாள். அன்று தொடங்கி விடியவும் பொழுதுபடவும் அந்த முகம் தெரியாதவனின் காதைத்தான் சபித்தாள்.

அவனுக்குக் கேட்டிருக்கவே இல்லை. திட்டவும் ஆளில்லாமல் போய்விட்டது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

தாளைத் திருப்பி வாங்கினாள். லேசான ஹெட்செட்டின் மேல் விரலை வைத்தாள்.

“இதை வாங்கட்டும். என்ரை பிள்ளைக்காவது கேக்கட்டும்.”

எதைப் போட்டாலும் கீழே கத்துகிறவர்களின் சத்தம் அவ்வளவு உயரத்துக்குப் போய்ச் சேராது. போனாலும் எஞ்சின் விழுங்கிவிடும். அரியநாயகத்துக்கு அது தெரியும். அவர் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

யோகம்மா பேனையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினாள்.

சுகந்தினி இடக்கைக்காரி. அவள் போடுகிற புள்ளடிக் குறி எப்போதும் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். ஆயிரம் புள்ளடிக்குள் கிடந்தாலும் பகீரதன் அதைக் கண்டுபிடிப்பான்.

பழக்கமில்லாத கையில் பேனையை இறுக்கிப் பிடித்தாள். மெதுவாக முதல் கோட்டை இழுத்தாள். அதை வெட்டி மற்றக் கோட்டை இழுத்தாள். புள்ளடி சரிந்து விழுந்தது. மகளுடையது போலவே இருந்தது.

அந்தக் குண்டில் போன சுகந்தினிக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு போன கிழமைதான் முடிந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இன்னும் வரவில்லை. அங்கே தனியாகக் கிடக்கிற பிள்ளைக்கு அதை யார் சொல்வது? சொன்னால் அவனை யார் கட்டிப்பிடித்து அழுவது?

அரியநாயகம் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வாசல் படலை வரை போனவர் திரும்பி நின்றார்.

“கொழும்புக்குப் போன் எடுப்பான், யோகம்மா. தங்கச்சி எப்பிடி இருக்கிறாளெண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?”

“குறி போடேக்கை சிரிச்சவளெண்டு சொல்லுங்கோ.”