மாடி வீட்டுக் கடிபொம்மை

"நாய் வெச்சிருக்கறது யாரா இருந்தாலும் சரி, இந்த வூட்ல இருக்கக் கூடாது. நான் பேசறது காதுல வுழுதா இல்லியா?"

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்த ரகுபதி, "வுழுது" என்றார்.

"மாடியில நாய் கீதுங்க. தரையில பரபரன்னு நகம் கீறுற சத்தம். புது டைல்ஸு என்னாத்துக்கு ஆவும்?"

"எலியா இருக்கும் கனகு."

"எலி எங்கியாச்சும் குலைக்குமா?"

ரகுபதி ஷூ லேஸை அவசரமாக முடிந்தார். "இன்னிக்கும் ஓ.டி. வர்றதுக்கு லேட்டாவும்" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

மண்ணூரில் அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மருமகள் எந்த ஷிஃப்ட், யாரோடு யார் பேசுவதில்லை, எல்லாம் கனகலட்சுமிக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவளின் தலைக்கு மேலேயே, அவளுக்குத் தெரியாமல் ஒரு நாய் குடித்தனம் நடத்துவதா? டைல்ஸைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக உறுத்தியது. நாய் கூடாது என்று, மாடியை வாடகைக்கு விடும்போதே ரஞ்சனியிடமும் அவள் புருஷனிடமும் கறாராகச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தாள். இப்போது வேண்டியது ஒரு சாட்சி.

சாட்சி சாயங்காலம் கூரியரில் வந்தது. ரஞ்சனி பெயருக்கு ஒரு பார்சல். அடுத்தவர் பார்சலைப் பிரிக்கிற ரகம் இல்லை கனகலட்சுமி. ஒட்டியிருந்த டேப் தானாகத்தான் பிரிந்தது. அவள் நகம் அந்தப் பக்கமாக இருந்தது, அவ்வளவுதான். உள்ளே, நாய்கள் கடித்து விளையாடுகிற பொம்மைகள்.

பார்சலோடு மாடியேறிக் கதவைத் தட்டினாள். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த ரஞ்சனி, கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். அந்த ஒரு சாண் கனகலட்சுமிக்குப் போதுமானதாக இருந்தது.

"இன்னா ரஞ்சனி, பொம்மையெல்லாம் வந்துகீது?"

"அது... எங்க அக்கா வீட்டு நாய்க்கு ஆன்ட்டி. தாம்பரத்துல."

"அப்படியா. எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு பாத்து வாங்குனியா?" என்று சோபாவில் சம்மணம் போட்டாள் கனகலட்சுமி.

அவளுக்கு நாய் பிடிக்காது. ஆனால், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பிடிக்காது. தெரிந்ததெல்லாம் ரகுபதி புண்ணியம். ஒரகடத்தில் கார்களுக்கு ரப்பர் பாகம் செய்யும் கம்பெனியில் அவர் குவாலிட்டி பார்க்கிறார். கொஞ்ச நாளாக அங்கே நாய் பொம்மை ஆர்டர் வந்திருக்கிறதாம், அதனால்தான் தினமும் ஓ.டி.யாம். சாப்பிட உட்கார்ந்தால் பொம்மைப் பேச்சுதான். 'எங்க வூட்டுக்காரர் பாஸ் பண்ற பொம்மையத்தான் வெளிநாட்டு நாயெல்லாம் கடிக்குது' என்று அவளும் தெருவெல்லாம் பெருமை அடித்துவிட்டு வந்திருந்தாள்.

முதல் பொம்மையை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். "பாரு, நகமே பதியல. இதக் கடிச்சா பல்லுதான் உடையும். இந்தப் பந்து முழுசா வாய்க்குள்ள போற சைஸு, தொண்டையில மாட்டிக்கும். கயிறு வேணவே வேணாம், நூல்நூலாப் பிரியும், முழுங்குச்சுன்னா கொடல்ல சுத்திக்கும். இந்தக் கீச்கீச்சு இருக்கு பாரு, உள்ள இருக்கற விசில நோண்டி எடுத்து முழுங்கிட்டுத்தான் மறுவேலை பாக்கும்."

ரஞ்சனி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ரப்பர் எலும்பு. கனகலட்சுமி அழுத்தியதும் நகம் பதிந்து மீண்டது.

"இது தேவல. ஆனா குட்டிக்கா, பெருசுக்கா? வயசு தெரியாம எப்படிச் சொல்றது?"

"மூணு மாசம்தான் ஆன்ட்டி. பல்லு முளைக்குதுல்ல, பாக்கறதையெல்லாம் கடிக்குது. நேத்துகூட என் சார்ஜர் வயர..." ரஞ்சனி சட்டென்று நிறுத்தினாள்.

"தாம்பரத்து நாயி, மண்ணூருக்கு வந்து உன் சார்ஜரக் கடிச்சுதா? பஸ்ல வந்துச்சா, ஆட்டோவுலயா?"

ரஞ்சனி பதில் தேடுவதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து பதிலே நடந்து வந்தது. பழுப்பு நிறக் குட்டி. வாயில் ஒரு தோல் செருப்பு.

கனகலட்சுமிக்கு அந்தச் செருப்பைத் தெரியும். வாசலில் விட்டது காணாமல் போய்விட்டது என்று போன வாரம் ரகுபதி சொன்ன செருப்பு. அதற்காகப் பால்காரர் ஐயனார் மேல் சந்தேகப்பட்டு, அதைத் தெருவுக்கே அறிவித்து, பாலையும் நிறுத்தியிருந்தாள்.

"திருட்டு நாய் வேறயா? மாசக் கடைசிக்குள்ள வூட்டக் காலி பண்ணு."

ரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க வேணா போயிடறோம் ஆன்ட்டி. இத மட்டும் வெளிய தொரத்திடாதீங்க. ஒரகடம் ரோட்டுல, லாரிங்களுக்கு நடுவுல நின்னுட்டு இருந்துச்சாம்."

"இருந்துச்சாமா? அப்ப தூக்கினு வந்தது நீ இல்லியா?"

"இது எங்க நாயே இல்ல ஆன்ட்டி. இங்க வெச்சுப் பாத்துக்கறதோட சரி."

"பின்ன யாரு நாயி? சொல்லு. அந்த ஆளு இனிமே இந்த வாசப்படி ஏறாம நான் பாத்துக்கறேன்."

ரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள். மாடிப்படியில் ஷூ சத்தம் கேட்டது. குட்டி செருப்பைக் கீழே போட்டுவிட்டு, வாலோடு சேர்த்து உடம்பையும் ஆட்டிக்கொண்டு கதவைப் பார்த்து ஓடியது.

"கண்ணம்மா, அப்பா வந்துட்டேன்டி. பொம்மை வந்துச்சா?"

இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் கனகலட்சுமி ஒருநாள்கூடக் கேட்டிராத அந்தக் கொஞ்சலோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், ஓ.டி.யில் இருக்க வேண்டிய ரகுபதி.