செம்பூர் பஸ் வந்துவிட்டது

“அரே, வந்துருச்சாம்ல! எங்க வந்துருச்சு? எங் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?”

தாராவி மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் ஜெனிஃபர் கையிலிருந்த போனைத் திட்டிக்கொண்டிருந்தாள். பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் புது ஆப், செம்பூர் பஸ் இதே நிறுத்தத்தில் வந்து நிற்பதாகச் சத்தியம் செய்தது. ரோட்டில் பஸ்ஸின் வாடையே இல்லை. ஒரு வாரமாக இதே கூத்து.

“இது ஆப் இல்ல அண்ணாச்சி, எனக்கு வச்ச ஆப்பு! இதப் பாத்துட்டு சாப்பிடாமக்கூட ஓடி வந்தேன்” என்று இட்லிக்கார இசக்கிராஜிடம் புலம்பினாள்.

“அப்ப நாலு இட்லிய உள்ள தள்ளு தாயி. வெறும் வயித்தோட கோவப்பட்டா தல சுத்தும்.”

அவளைப் போலவே ஆப்பை நம்பி ஓடிவந்த கூட்டம், பஸ்ஸைத் திட்டியபடியே இசக்கிராஜின் ஸ்கூட்டரைச் சுற்றி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வியாபாரம் ஜோர்.

“இன்னிக்கும் லேட்டானா வேலை போச்சு அண்ணாச்சி. இனிமே பஸ் கதை சொன்னா அப்படியே வீட்டுக்குப் போயிருன்னு மேனேஜர் நேத்தே சொல்லிட்டாரு.”

“அடப் பாவமே!” இசக்கிராஜின் முகம் ஏனோ சுருங்கியது. அவள் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தார். “இது சும்மா, சாப்பிடு.”

“பஸ்ஸுல மாட்டிருக்க அந்த ஜிபிஎஸ் பெட்டியிலதான் ஏதோ கோளாறு.”

“சேச்சே! பெட்டிய ஒண்ணும் சொல்லாத. டிப்போல எம் மச்சான்தான் மெக்கானிக்கு. பஸ்ஸு ரிப்பேருன்னு வந்து படுத்தாலும், மொதல்ல பெட்டியக் கழத்திப் பத்திரமா வச்சிருவான்!”

சாம்பார் தூக்குக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பச்சை விளக்கு மினுக்கியது. போன் சார்ஜராக இருக்கும் என்று ஜெனிஃபர் நினைத்துக்கொண்டாள்.

இசக்கிராஜ் அவசரமாகப் பாத்திரங்களை மூடினார். “வாரேன் தாயி. அடுத்து சயான்ல நிக்கணும், பொறவு செம்பூரு. அங்கயும் சனம் காத்துக் கெடக்கும்.”

ஸ்கூட்டர் கிளம்பியது. ஜெனிஃபர் போனைப் பார்த்தாள். செம்பூர் பஸ்ஸும் கிளம்பியிருந்தது.

முக்குச் சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. போனில் பஸ்ஸும் நின்றது.

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிய ஜெனிஃபர், பாத்திரங்களுக்கு நடுவே பின் சீட்டில் தாவி ஏறி, பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையை முன்னால் நீட்டினாள்.

“செம்பூருக்கு ஒரு டிக்கெட் குடுங்க, டிரைவர் அண்ணாச்சி! நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது!”