காதுக்குள் இருந்த ஆள்

"எடி, ஆருக்க சத்தத்த காதுல மாட்டிக்கிட்டு இப்பிடி அழுவுத?"

மணியன் அதட்டியதும் சிஜி இயர்போனைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். மறுநாள் நெய்யாற்றின்கரை வகுப்பில் ஒரு கவிதையை அலசி அவள் பேச வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு.

"நாளைக்குப் பேசுத கவிதைக்கு வேண்டித்தான். இருநூறு வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளைக்காரரு, அவருக்க பட்டணத்துல ஏழைங்க படுத பாட்ட எழுதியிருக்காரு. ஒரு பக்கம் மாளிகை, மறுபக்கம் பட்டினி. வாசிச்சா எனக்கு ஒண்ணும் ஏறல்ல. இந்த ஆளு சொல்லுதத கேட்டாத்தான் மனசுல நிக்குது."

"எந்த ஆளு?"

"ஒரு ஆளு. எம்மேல நல்ல பிரியம் உள்ள ஆளாக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் மணியனுக்கு வயிறு எரிந்தது. அவனைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று? வேறு யாராக இருக்கும், வகுப்பு எடுக்கிற அந்த அபிலாஷ் சார்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிவர ஆட்டோவோடு போயிருந்தபோது, மனிதர் வாசல்வரை வந்து, "சிஜி மிடுக்கியா கேட்டோ" என்று பல்லைக் காட்டினார். தன் பெண்டாட்டி கெட்டிக்காரி என்று அவர் சொல்லித்தான் மணியனுக்குத் தெரிய வேண்டுமாக்கும். சட்டையில் இஸ்திரி மடிப்பு வேறு.

"பட்டணத்துக் கஷ்டம் அவனுக்கு என்ன தெரியும்? மும்பையில ஆறு வருசம் கெட்டட வேலையில கெடந்தவன் நானாக்கும். இருவது மாடி கெட்டினது நாங்க, கெடந்து உறங்கினது தகரத்துக்குக் கீழ. எங்கிட்ட கேட்டா சொல்ல மாட்டனா?"

"நீங்க இப்ப எங்க சேட்டா வாய் தொறக்குதீங்க? வந்தா டிவி, பொறவு சோறு, பொறவு உறக்கம்."

சிஜி காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைக்குப் போனாள். போன் மேசைமேல் கிடந்தது.

மணியனுக்குக் கை நிற்கவில்லை. எடுத்துப் பார்த்தான். 'பட்டணம்' என்று தனியாகப் பெயர் போட்டு நூற்றுப் பன்னிரண்டு ஒலிப்பதிவுகள். முதலாவதைத் தொட்டான். ஒரே இரைச்சல். ஓர் இருமல். பிறகு அந்த இரைச்சலுக்கு நடுவே, யாரென்று பிடிபடாத ஓர் ஆண் குரல் கொஞ்சியது.

"மோளே, சோறு உண்டியா?"

அதற்குமேல் கேட்க அவனால் முடியவில்லை. எவனோ ஒருவன், இன்னொருத்தன் பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று விசாரிக்கிறான். அதுவும் செல்ல மகளைக் கூப்பிடுவதுபோல மோளே என்று. மணியன் நூற்றுப் பன்னிரண்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தான். நிரந்தரமாக அழிக்கவா என்று போன் கேட்டது. "அழிக்கணும்" என்று வாய்விட்டே சொல்லி அழுத்தினான். அப்பாடா என்றிருந்தது.

துணியோடு உள்ளே வந்த சிஜியிடம் போனை நீட்டினான்.

"இனி அவனுக்க சத்தம் இந்த வீட்டுல கேக்காது. எல்லாத்தையும் அழிச்சாச்சு."

அவள் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். பிறகு துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு நான் என்னத்த பேச?"

"ஏன், அந்த அபிலாஷ் மறுபடியும் அனுப்பித் தரமாட்டானா?"

"அபிலாஷ் சாருக்கு இதுல என்ன காரியம்?" சிஜி மடியிலிருந்த துணியை எடுத்துக் கீழே வைத்தாள். "மும்பையில இருந்து வேலை முடிஞ்சு நீங்க எனக்கு பேசி அனுப்பினதாக்கும் அது, என்னிய எடின்னு கூப்பிடத் தொடங்குததுக்கு முந்தி."