ஒன்பதாவது குட்டை

பண்ணையில் இருந்தவை எட்டு இறால் குட்டைகள்தான். கரண்ட் போனால், எந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்குகிறதோ அந்தக் குட்டைக்குக் கணினியே ஜெனரேட்டரைத் திருப்பிவிடும். வேலையாட்கள் வீட்டுக்கெல்லாம் கிடையாது. குட்டைகளில் பிளீச்சிங் பவுடர் தூவித் தூவியே நுரையீரலைத் தொலைத்த பிலோமினாவின் விரலில் ஒரு சென்சாரை மாட்டி, அவள் புருஷன் மரியதாஸ் வீட்டுக்கு ஒரு வயரும் இழுத்து, கணினியில் ஒன்பதாவது குட்டை என்று பதிந்துவிட்டான். அதன்பின் அவளுடைய ஆக்சிஜன் மெஷின் ஒருநாளும் நின்றதில்லை.

“இறாலோட இறாலா என்னையும் சேத்துட்டீங்க,” என்று சிரிப்பாள்.

ஐப்பசி மழையில் நான்கு நாளாகக் கரண்ட் இல்லை. காலையில் அவன் போனுக்குச் செய்தி வந்தது: ‘ஒன்பதாவது குட்டை இனித் தேறாது. இணைப்பு துண்டிக்கப்படுகிறது. அறுவடைக்கு ஐஸ் லாரி அனுப்பியுள்ளோம்.’

மெஷின் அடங்கியது. வாசலில் ஹாரன் கேட்டது.

“யாருங்க வந்துருக்கா?” என்றாள் பிலோமினா, மூச்சை இழுத்து இழுத்து.